புற்றுநோயும் கடலோரக் குப்பங்களும்

புற்றுநோய் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நமது ஜனங்கள் நடுங்குகிறார்கள். அது விதியின் தண்டனை, வந்தால் மீட்சி கிடையாது என்று எண்ணுகிறவர்கள் இன்றும் அநேகர். இந்த எண்ணம் வியாதியைவிடக் கொடியது. நோயை மறைப்பதற்கும், காலங்கடந்து வைத்தியரிடம் போவதற்கும் இதுவே முதற் காரணம். கடந்த 25 வருஷங்களில் வைத்திய சாஸ்திரம் அறிந்திருக்கும் விஷயங்களைக் கவனித்தால், நமக்கு வேண்டியது பயமன்று, முயற்சியே என்பது விளங்கும். அவற்றில் முக்கியமான சில நமது தேசத்துக் கிராமங்களிலேயே கண்டறியப்பட்டவை என்பதைப் பலர் அறியார்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், வங்கக் கடலுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் இடையே லைட்ஹவுஸ் குப்பம் இருக்கிறது. அங்கும் அக்கம்பக்கத்துக் குப்பங்களிலும் மீன்பிடிப்பே ஜீவனம். புருஷர்கள் வலையோடு புறப்படுகிறார்கள். ஸ்திரீகள் மீனை விற்றும் உலர்த்தியும் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். ஒரு நாள் வேலை நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. இத்தகைய ஊரில் வாழும் ஒரு தாய்க்கு எட்டாத சாஸ்திரம் எவ்வளவு உயர்ந்ததாயினும் என்ன பயன்? இந்தக் கேள்வியையே உரைகல்லாகக் கொண்டு புதிய முறைகளைப் பரிசீலிப்போம்.

கிராமங்கள் கற்பித்த பாடம்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் நம் தேசத்தில் 2022-ஆம் வருஷத்தில் மட்டும் ஏறக்குறைய 80,000 ஸ்திரீகள் மாண்டனர் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. இந்த நோய் ஒரே இரவில் வருவதன்று. ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் தங்கி, பல வருஷங்கள் மெல்ல மெல்ல வேலை செய்த பிறகே புற்றாக முற்றுகிறது. அந்த இடைக்காலத்தில் கண்டுபிடித்தால் உயிரைக் காத்துவிடலாம்.

திண்டுக்கல் ஜில்லாவில் 2000-ஆம் வருஷத்தில் தொடங்கிய ஆராய்ச்சி இதை நிரூபித்தது. பயிற்சி பெற்ற நர்ஸுகள், வினிகரில் உள்ள அமிலத்தை நீர்த்த அளவில் கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்த்தனர். கெட்ட இடம் வெண்மையாகத் தெரியும். தகுந்தவர்களுக்கு அதே இடத்தில் அதைக் குளிரால் உறையச் செய்து அழித்தனர். இதனால் 30 முதல் 59 வயது வரையுள்ள ஸ்திரீகளிடையே இந்நோய் மரணம் 35 சதவீதம் குறைந்ததென 2007-இல் வெளியான முடிவு கூறுகிறது. மகாராஷ்டிர தேசத்து உஸ்மானாபாத் ஜில்லாவில் சுமார் 1,31,000 ஸ்திரீகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியோ, வைரஸைக் கண்டறியும் சோதனையை ஒரே ஒரு முறை செய்ததாலேயே மரணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென 2009-இல் காட்டிற்று.

புருஷர்களின் கதையும் இதுவே. புகையிலை மெல்வதும் புகைப்பதும் குடிப்பதும் வாய்ப்புற்றுக்கு விதைகளாகும். திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, விளக்கைக் கொண்டு வாயைப் பார்த்தனர். இப்பழக்கங்கள் உள்ள புருஷர்களிடையே வாய்ப்புற்று மரணம் 43 சதவீதம் குறைந்ததென 2005-இல் அறிவித்தனர். பெரிய யந்திரமோ பெருஞ் செலவோ இதற்குத் தேவைப்படவில்லை.

தடுப்பும் சிகிச்சையும்

தடுப்பூசியிலும் நமது தேசத்தின் பங்கு பெரிது. ஹெச்.பி.வி. தடுப்பூசியை ஒரே ஒரு தடவை போட்டாலும் நீண்ட காலம் பாதுகாப்புக் கிடைக்கும் என்பதற்குரிய முக்கியச் சான்று, இந்தியப் பெண்களைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியிலிருந்து 2021-இல் வெளிவந்தது. மறு வருஷமே உலக சுகாதார ஸ்தாபனம் ஒற்றைத் தடவை முறையை ஏற்றது. அதே 2022-இல் புனா நகரத்து ஸீரம் ஸ்தாபனம் தயாரித்த சுதேசித் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. 14 வயதுப் பெண்களுக்கு இதைப் போடுவதாகத் தமிழ்நாட்டு சர்க்கார் 2025-ஆம் வருஷ பட்ஜெட்டில் அறிவித்தது.

முற்றிய நோய்க்கும் புதிய வழிகள் பிறந்திருக்கின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஒரு விலையுயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்து, பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியார் பரீட்சித்தனர். தலை, கழுத்துப் பாகத்தில் புற்று முற்றியவர்களில் ஒரு வருஷத்துக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள் 100-க்கு 16-இலிருந்து 43-ஆக உயர்ந்தனர். நோயாளியின் ரத்த அணுக்களையே திருத்தி ரத்தப் புற்றை எதிர்க்கும் சுதேசி முறைக்கும் 2023-இல் அனுமதி கிடைத்தது. ஆயினும் அதன் செலவு இன்னும் பல லட்சம். குப்பத்து வீட்டுக்கு அது எட்டாக் கனியே.

அடையாற்றின் உதாரணம்

ஏழைக்கும் உயர்ந்த சிகிச்சை உண்டென்ற தர்மம் நமக்குப் புதிதன்று. தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாற்றில் எழுப்பிய ஆஸ்பத்திரி, 1954-இல் 12 படுக்கைகளோடு துவங்கியது. 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021-இல் மறையும் வரை அத்தொண்டையே வாழ்வாகக் கொண்டார்.

இனிச் செய்ய வேண்டியது யாது? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டு ஸ்திரீகளில் கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்து கொண்டவர்கள் 100-க்குப் பத்துப் பேர் கூட இல்லை. சாஸ்திரம் தன் கடமையைச் செய்துவிட்டது. ஜனங்களிடம் அதைக் கொண்டு சேர்ப்பதில்தான் குறை நிற்கிறது.

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்றொரு பழைய முறை உண்டு. இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை விரிப்பதென்று முறை வகுத்து, சண்டையின்றித் தொழில் செய்கிறார்கள். தொழிலுக்கு நாள் குறிக்கத் தெரிந்த குப்பத்துப் பஞ்சாயத்துக்கு, சோதனைக்கு நாள் குறிக்கத் தெரியாதா? கடலுக்குப் போகாத ஒரு நாளைப் பஞ்சாயத்தார் குறிக்கட்டும். சுகாதார இலாகாவார் நர்ஸுகளையும் கருவிகளையும் ஊருக்கே அனுப்பட்டும். நோய்க்குறி கண்டவரைச் சிகிச்சை முடியும் வரை கைவிடாமல் கவனிக்கட்டும். பொது ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று பயத்தைப் போக்கட்டும். திண்டுக்கல் கிராமத்தில் சாத்தியமானது லைட்ஹவுஸ் குப்பத்தில் அசாத்தியமாகாது. வழி தெரிந்த பின்னும் நமது தாய்மார் மாண்டால், அந்தப் பழி விதியைச் சேராது, நம்மையே சேரும்.