பிரான்ஸில் ஒரு நிலக்கரித் தொழிலாளிக்குப் போர் நினைவுச் சின்னம் ஏன்?

வடக்கு பிரான்ஸில் கிவான்ஷி என்றொரு சின்ன ஊர். முதல் உலகப் போரில் மண்ணுக்கு அடியில் சண்டை போட்ட பிரிட்டிஷ் சுரங்கப் படையினருக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதில் நினைவுகூரப்படும் வில்லியம் ஹாக்கெட், இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்தவர். அவர் உடல் இன்றும் அங்கேதான், மண்ணுக்குள் கிடக்கிறது.

போருக்கும் நிலக்கரிக்கும் என்ன சம்பந்தம்?

1914 கடைசியில் இரு தரப்பும் பதுங்குகுழிகளில் முடங்கிக் கிடந்தன. மேலே தலைகாட்டினால் குண்டு. அதனால் ஜெர்மனி கீழே இறங்கியது. 1914 டிசம்பர் 20 அன்று இதே பகுதியில், இந்தியப் படையின் சிர்ஹிந்த் பிரிகேட் இருந்த பதுங்குகுழிகளுக்கு அடியில் 10 வெடிகள் வைத்துத் தகர்த்தது.

பதிலடிக்கு பிரிட்டனுக்குச் சிப்பாய்கள் போதவில்லை. தோண்டத் தெரிந்த கைகள் தேவைப்பட்டன. 1915-இல் சுரங்கப் படைப்பிரிவுகள் உருவாயின. முதலில் மான்செஸ்டரில் சாக்கடைக் குழாய்களுக்கு மண் தோண்டியவர்கள் வந்தார்கள். அடுத்து நிலக்கரித் தொழிலாளர்கள். தேர்ந்த ஆட்களுக்கு நாளுக்கு 6 ஷில்லிங் வரை கூலி. சாதாரணக் காலாட்படை வீரருக்கு ஒரு ஷில்லிங்தான், அதற்குச் சற்று மேலே.

வேலை என்ன தெரியுமா? இருட்டில், சத்தமே வராமல், குறுகலான பாதை வெட்டி எதிரியின் காலடிக்குப் போவது. எதிரியும் அதையேதான் செய்துகொண்டிருப்பான். யார் முதலில் வெடிக்கிறார்களோ அவர்கள் பிழைப்பார்கள்.

ஹாக்கெட் என்ன செய்தார்?

காலாட்படையில் சேரப் போனவரை, வயசு அதிகம் என்று மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். 40 வயதைத் தாண்டியிருந்தவரைச் சுரங்கப் படை மட்டும் எடுத்துக்கொண்டது.

1916 ஜூன் 22 அதிகாலை. கிவான்ஷியில் ஜெர்மானியர் வைத்த வெடியில் ஹாக்கெட்டும் இன்னும் நான்கு பேரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். சுமார் 20 மணி நேரம் மண்ணை வாரிய பிறகு ஒரு சின்ன ஓட்டை கிடைத்தது. மூன்று பேர் வெளியே வந்தார்கள்.

ஹாக்கெட்டும் வந்திருக்கலாம். ஆனால், படுகாயத்தோடு நகர முடியாமல் கிடந்தார் தாமஸ் காலின்ஸ் என்ற 22 வயது வீரர். அவரைத் தனியாக விட்டுவிட்டு வர மாட்டேன் என்று ஹாக்கெட் உள்ளேயே இருந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஓட்டை மூடிக்கொண்டது. மேலேயிருந்து குண்டுகள் விழ விழ, மீட்புக் குழு நான்கு நாள் தோண்டியும் பலனில்லை.

பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதை வாங்கிக்கொண்டது மனைவி. அவர்களுடைய மகன் அதே ஆண்டில்தான் நிலக்கரிச் சுரங்க விபத்தில் ஒரு காலை இழந்திருந்தான்.

ஏன் இவ்வளவு தாமதம்?

சுரங்கப் படையின் வேலை கடைசிவரை ரகசியமாகவே நடந்தது. கல்லறையும் இல்லாததால், இருவர் பெயரும் இரண்டு இடங்களுக்குப் பிரிந்துபோயின. ஹாக்கெட் பெயர் பெல்ஜியத்தின் ப்ளூக்ஸ்டீர்ட் நினைவிடத்தில். காலின்ஸ் பெயர் பிரான்ஸின் தியேப்வாலில். யாரை விட்டு வர மாட்டேன் என்றாரோ, அவரோடு சேர்த்துப் பெயர் சொல்ல ஓர் இடமில்லை.

2010 ஜூன் 19 அன்று, 94 ஆண்டுகள் கழித்து, கிவான்ஷியில் சின்னம் திறக்கப்பட்டது. அதன் அளவுகள், கீழே இருவரும் கிடக்கும் சுரங்கத்தின் அளவுகளை ஒட்டி அமைந்தவை.