கேமரா அணைந்த வகுப்பில்

முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு மென்டராக இருங்கள் என்று புதிதாகச் சேர்ந்த ஆசிரியரிடம் சொன்னால், ‘அவங்ககிட்ட என்ன பேசுறது?’ என்றுதான் முதலில் கேட்பார். பேச்சு கிடக்கட்டும். எதைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். 2020-21 கல்வியாண்டை எடுத்துக்கொண்டால் எளிதில் விளங்கும்; டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் அந்த வருடம் கல்லூரி சேர்ந்தவர்களுக்குப் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு கொரோனா ஊரடங்கு. பொறியியல் சேர்ந்தவர்களுக்கு முதல் வகுப்பே கூகுள் மீட்டில். தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇ வகுத்த அறிமுகத் திட்டப்படி ஏறக்குறைய 20 பேருக்கு ஓர் ஆசிரியர் மென்டர். கல்லூரியின் தரத்தை மதிப்பிட வந்த நாக் குழுவும் அப்போது இந்த விகிதத்தைக் கேட்கும் என்பதால் ஃபைல் கச்சிதமாக இருந்தது. ஃபைலில் இருக்கும் பையன் எப்படி இருக்கிறான் என்பது வேறு கதை.

கல்லூரி நடக்கும் காலத்தில் பாதி வேலை தானாக நடந்துவிடும். மதியம் சாப்பிடாமல் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவள் கண்ணில் படுவாள். மீட்டில் தெரிவதோ பெயரின் முதல் எழுத்து. ‘எல்லாருக்கும் புரிஞ்சுதா?’ என்றால் சாட்டில் வரிசையாக ‘யெஸ் சார்’ விழும். அதை நம்பிப் பாடத்தை நகர்த்தியவர்கள் ஏராளம்.

ஆகவே தனியாகப் போன் போட வேண்டும். ‘படிக்கிறியா?’ என்றால் ‘படிக்கிறேன் சார்’ என்றுதான் பதில் வரும். ‘இது யாரோட போன்?’ என்று கேளுங்கள். அப்பாவுடையது என்றால், காலையில் அவரோடு வேலைக்குப் போய் ராத்திரிதான் திரும்பும். திரும்பியதும் பத்தாவது படிக்கும் தங்கை காத்திருப்பாள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டு என்று சுமார் 9.69 லட்சம் மாணவர்களுக்கு அரசு அறிவித்தது. நல்ல காரியம். கார்டைப் போடப் போன் வேண்டுமே!

அடுத்து, ‘நேத்து எழுதின நோட்ஸை போட்டோ எடுத்து அனுப்பு.’ இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. ‘பார்ஷியல் டெரிவேட்டிவ்’ என்று காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால், தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை. ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறான், பாடம்தான் பிடிபடவில்லை. தமிழில் விளக்கி ஒரு வாட்ஸ்ஆப் ஆடியோ அனுப்பினால் பிடித்துக்கொள்வான். கணக்கு பாதியில் நின்று, நாலு வரி இடம் விட்டு அடுத்தது தொடங்கினால், சிக்னல் போன இடம் அது. நோட்டே வெறுமையாக இருந்தால் கடிந்துகொள்ள அவசரப்படாதீர்கள்.

அங்கேதான் சீனியர் வர வேண்டும். நம்மிடம் ‘நெட் இல்ல சார்’ என்பவன், அதே ஊர்ப்பக்கத்து மூன்றாமாண்டு அண்ணனிடம் ‘மில்லுக்கு வேலைக்குப் போறேண்ணா’ என்று சொல்லிவிடுவான்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். வீட்டில் இருக்கிறாள் என்றாலே தண்ணீர் பிடிக்கவும் காய் நறுக்கவும் ஆள் இருக்கிறாள் என்று ஆகிவிடும். அப்போது பேச வேண்டியது அம்மாவிடம். ‘பத்து மணியிலேருந்து ஒரு மணி வரைக்கும் அவளைக் கூப்பிடாதீங்கம்மா, அது காலேஜ் நேரம்’ என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். இயர்போனை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பவள் பாட்டுக் கேட்கிறாளா, பாடம் கேட்கிறாளா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?