புது வீடு வேண்டாமென்றால் கட்டிய பணம் என்னாகும்?

தோட்டத்தில் வேலை ஓய்ந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது நாற்பது வருடம் பால் வெட்டிய குடும்பத்துக்கும் இதே கதிதான். ஆகவே, சொந்தமாக ஒரு கூரை வேண்டுமென்று நம் மக்கள் துடிப்பது முற்றிலும் நியாயமே. 1996-இல் கூலிம் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்டதற்குப் பிறகு, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பக்கமெல்லாம் புதுத் தாமான்கள் எழுந்துவிட்டன. வீட்டு விளம்பரம் தோட்டத்து வாசல் வரை வந்து நிற்கிறது. ஆனால், ஆசையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களும் நம்மவர்களே.

அண்மையில் ஒரு தோட்டத்து அண்ணன் நம்மைத் தேடி வந்தார். மகனுக்கு ஹைடெக்கில் வேலை. அவன் பெயரில் 200,000 வெள்ளிக்கு ஒரு வீடு. கையெழுத்தான அன்றே பத்து விழுக்காடு, அதாவது 20,000 வெள்ளி கட்டியாகிவிட்டது. அது அப்பாவும் அம்மாவும் பிரட்டுக் களத்தில் நின்று சேர்த்த காசு. இரண்டு மாதம் கழித்து, சம்பளம் போதாது என்று பேங்க் லோனை மறுத்துவிட்டது.

"வேணாம்னு சொன்னா முழுசும் போயிடும்னு வீட்டு ஆபீஸ்ல சொல்றாங்க தம்பி. வீட்ல அவ ரெண்டு நாளா சாப்பிடல" என்றார்.

முழுசும் போகாது, அண்ணே! சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

உரிமம் பெற்ற வீடமைப்பு நிறுவனங்கள் 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அவை தம் இஷ்டத்துக்கு ஒப்பந்தம் எழுத முடியாது. சட்டம் வகுத்த படிவத்தில்தான் எழுத வேண்டும். தரை வீட்டுக்கு 'ஜி' படிவம், அடுக்குமாடிக்கு 'எச்' படிவம். வருமானம் போதாததால் லோன் கிடைக்கவில்லை என்று ஆதாரம் காட்டினால், வாங்குபவர் இழப்பது வீட்டு விலையில் ஒரு விழுக்காடு மட்டுமே. 200,000 வெள்ளி வீட்டுக்கு 2,000 வெள்ளி. மீதி 18,000 வெள்ளியையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேங்க் கேட்ட சம்பளச் சீட்டையும் மற்றத் தாள்களையும் கொடுக்காமல் இழுத்தடித்து, அதனால் லோன் கிடைக்காமல் போனால் இந்தச் சலுகை கிடையாது. மகன் எல்லாத் தாளையும் கொடுத்திருந்தான். பேங்க் கொடுத்த மறுப்புக் கடிதத்தையும் அம்மா அரிசி டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். அதுதான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது. அந்தக் கடிதத்தின் நகலோடு பதிவுத் தபாலில் கடிதம் போட்டார்கள். ஒரு விழுக்காடு போக மீதிப் பணம் வந்து சேர்ந்தது.

வெறுமனே "மனசு மாறிவிட்டது" என்று விலகினால் கதை வேறு. வீட்டுக் கொள்முதலில் யோசித்துப் பார்க்கச் சட்டம் தவணை தருவதில்லை. கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டால், நிறுவனம் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்து, விலையில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள முடியும். ஆகவே, லோன் கிடைக்குமா என்று பேங்கில் விசாரித்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்னரே 'புக்கிங்' என்று ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிறார்களா? ஒப்பந்தத்தில் சொன்னதைத் தவிர வேறு எந்தப் பெயரிலும் பணம் வாங்க விதிமுறை இடம் தரவில்லை. கொடுத்துவிட்டவர்கள் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். 2021 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியது. வீட்டை ஒப்படைக்கும் தவணை, புக்கிங் பணம் வாங்கிய நாளிலிருந்தே தொடங்குகிறது என்பதுதான் அது.

இன்னொரு நிலைமையும் உண்டு. தப்பு நம்முடையதல்ல; நிறுவனம் வேலையைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை நின்றிருந்தால், சட்டத்தின் 8ஏ பிரிவுப்படி நாமே ஒப்பந்தத்தை முறிக்கலாம். அதற்கு லோன் கொடுத்த பேங்கின் எழுத்துமூல அனுமதியும், வீடமைப்புக் கட்டுப்பாட்டு அதிகாரியின் சான்றும் வேண்டும். முறித்தபின் 30 நாளில் முழுப் பணமும் திரும்ப வேண்டும்.

வேலை நிற்கவில்லை, தாமதம் மட்டும்தான் என்றால் ஒப்பந்தத்தை முறிக்க அவசரப்படாதீர்கள். படிவப்படி தரை வீட்டுக்கு 24 மாதம், அடுக்குமாடிக்கு 36 மாதம் தவணை. அதைத் தாண்டினால் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு நஷ்டஈடு, நாள் கணக்கில். 200,000 வெள்ளி வீட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 55 வெள்ளி!

நிறுவனம் பணம் தர மறுத்தால், வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் கீழ் 'வீடு வாங்குவோர் நடுவர் மன்றம்' இருக்கிறது. சாதாரணமாக அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. ஒப்பந்தம் முறிந்த 12 மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும். நாள் தவறினால் நியாயமும் தவறிவிடும்.

மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள தாள் புரியவில்லையென்றால் வெட்கப்படாதீர்கள். படித்த பிள்ளையிடமோ, தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமோ, தொழிற்சங்கத் தலைவரிடமோ கொடுத்து வரிக்கு வரி கேளுங்கள். ஒரு மாலைப்பொழுது போனாலும் பரவாயில்லை. நாற்பது வருட உழைப்பு ஒரு கையெழுத்தில் போய்விடக் கூடாது.