மருந்து முதலில், படம் பிறகு

ஆல்ஃபாஃபோல்டு பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வருது: “புரதத்தோட வடிவம் தெரிஞ்சாச்சு, இனி கேன்சர் மருந்தைக் கம்ப்யூட்டரே வரைஞ்சிடுமா?” என்னோட பதில் இமாட்டினிப் என்ற மருந்தின் கதையில இருக்கு. கிளீவெக் என்ற பெயரில் விற்கிறாங்களே, அதுதான்.

சி.எம்.எல். ஒரு வகை ரத்தப் புற்றுநோய். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பிசிஆர்-ஏபிஎல் என்ற புதுப் புரதம் உருவாகுது. இது ஒரு கைனேஸ். ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து மற்றப் புரதங்கள்மேல் ஒட்டி, செல்லை ‘வளரு’ன்னு தூண்டும் சுவிட்ச். இந்த நோயில் அது ஆனிலேயே மாட்டிக்குது.

அதை அணைக்கிறது ஏன் கஷ்டம்? நம்ம உடம்பில் 500க்கும் மேற்பட்ட கைனேஸ்கள். ஏடிபி உட்காரும் பள்ளம் எல்லாத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஒன்றை அடைக்கப்போய்ப் பத்தை அடைச்சா ஆபத்து.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா-கைகி வேதியியலாளர்கள், வேறொரு கைனேஸுக்காகத் தேடிக் கண்டெடுத்த மூலக்கூறைக் கொஞ்சம் கொஞ்சமா மாற்றினார்கள். ஒரு மீதைல் தொகுதி சேர்த்ததும் அது பழைய இலக்கை விட்டது, ஏபிஎல் மீதான பிடி நின்றது. ஏபிஎல்லோட முப்பரிமாணப் படம் அப்போ யார் கையிலும் இல்லை! 1998இல் பிரையன் ட்ரூக்கர் தொடங்கிய சோதனையில், தினமும் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

படம் வந்தது 2000இல்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் படித்த ஜான் குரியனின் குழு, இமாட்டினிப்பின் நெருங்கிய சொந்தக்கார மூலக்கூறு ஏபிஎல்லில் உட்கார்ந்திருப்பதை எக்ஸ்ரே மூலம் காட்டியது. ஒரு குடையை நினைச்சுப் பாருங்க. விரிச்ச குடை எல்லாம் ஒரே மாதிரி, மடிச்சா ஒவ்வொன்றும் ஒரு விதம். இமாட்டினிப் பிடிப்பது மடிச்ச குடையை. திரும்ப விரிய விடாது.

ஆனா கேன்சர் சும்மா இருக்குமா? சிலருக்கு 315ஆம் இடத்தில் திரியோனின் போய் ஐசோலூசின் வந்தது. மருந்து பிடிச்சிருந்த ஹைட்ரஜன் பிணைப்பு போச்சு, வழியும் அடைபட்டது. அடுத்து வந்த டாசட்டினிப், நிலோட்டினிப் ரெண்டும் அங்கே தோற்றன.

இப்போதான் படம் முன்னால் நின்று வழிகாட்டியது. பொனாட்டினிப் மருந்தின் நடுவில் மெலிந்த கார்பன் முப்பிணைப்பு ஒன்றை வைத்தார்கள். ஐசோலூசினை இடிக்காம ஒட்டிப் போகும் கம்பி மாதிரி. 2012இல் அனுமதி கிடைத்தது. 2013இல் ரத்தக்கட்டு அபாயம் தெரிந்து விற்பனை நின்றது, பிறகு கடும் எச்சரிக்கையோடு திரும்பியது. பள்ளத்தில் கச்சிதமா பொருந்திய மருந்து, ரத்தக்குழாயில் என்ன செய்யும்னு படம் சொல்லலை.

2021இல் வந்த அசிமினிப், ஏடிபி பள்ளத்தையே தொடாம, அதே புரதத்தின் வேறொரு பள்ளத்தில் உட்காருது.

அதனால, ‘ஏஐ மருந்து கண்டுபிடிச்சிடுச்சு’ன்னு தலைப்பு பார்த்தா ரெண்டு கேள்வி கேளுங்க. அவங்க பார்த்தது விரிச்ச குடையா, மடிச்ச குடையா? மனுஷங்ககிட்ட சோதிச்சாச்சா?