இடங்காட்டியைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன், அதனால் நமக்கு ஆகவேண்டிய காரியம் யாது என்று கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம். கடைக்காரர் எடுத்துக்காட்டும் சிறப்புக்களில் மயங்குவோர், தமக்கு வேண்டாதவற்றுக்கும் சேர்த்து விலை கொடுத்துவிட்டு வீடு திரும்புவர். சில வேளைகளில் அந்த வேண்டாத சிறப்பே துன்பத்தையும் உடன் கொண்டுவந்துவிடும். இவ்வுண்மையை விளக்கும் சிறு கருவி ஒன்றைப் பற்றி இன்று மாணவ அன்பர்களோடு பேச விரும்புகிறேன்.

ஓய்வு பெற்ற பின் நான் அணுபுரத்தில் என் மகன் வீட்டில் இருந்து வருகிறேன். கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் செல்லும் வழியில், அணுசக்தித் துறையினர் தம் ஊழியர்களுக்காக அமைத்த குடியிருப்பு அது. ஒரு நாள் மாலை, எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் அவனிடம் இருந்தது. "ஐயா, கையில் வைத்துக்கொள்ளும் ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கப் போகிறேன். எது நல்லது என்று தாங்கள் சொல்ல வேண்டும்" என்றான்.

எதற்கு என்று கேட்டேன். ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டுக்கு என்றான். ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அறிவிப்பார். மற்றவர்கள் அந்த எண்களைக் கொண்டு தேடிச் சென்று பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் ஏட்டில் பெயரெழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். இதுவே விளையாட்டு.

இதன் பிறப்பு வரலாறு சுவையானது. அமெரிக்க அரசாங்கம் தன் செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பும் குறிப்பில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடியதாக இருந்தது. 2000 ஆம் ஆண்டு மே முதல் நாள் இரவு அப்பிழை நீக்கப்பட்டது. மே 3 ஆம் நாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கு அருகே ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் இடத்தை உலகுக்கு அறிவித்தார். இன்று இவ்விளையாட்டு உலகின் பல நாடுகளிலும் பரவியுள்ளது.

மாணவன் ஒரு தாளை நீட்டினான். அதில் ஐந்தாறு கருவிகளின் பெயர்கள் இருந்தன. எல்லாவற்றிலும் விலை மிகுந்த ஒன்றுக்கு எதிரே பெரிய குறியிட்டிருந்தான். சிங்கப்பூரிலிருந்து வரும் தாய்மாமன் பாதிப் பணம் போட்டு அதை வாங்கி வருவதாக ஏற்பாடு. அதை நான் உடனே மறுக்கவில்லை. "தம்பி, மூன்று கேள்விகளுக்கு விடை கண்டபின் முடிவு செய்வோம். இக்கருவி தன் இடத்தை எப்படி அறிகிறது? அது காட்டும் எண்ணை நீ எப்படிப் படிப்பாய்? அதை எடுத்துக்கொண்டு எங்கே போவாய்?" என்றேன்.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது இன்ன நேரம்' என்று இடைவிடாமல் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அவ்வலை நம்மை வந்தடைய ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு காலம் ஆகும். அந்தக் காலத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நம் கடிகாரத்தின் பிழை ஆகிய நான்கையும் கண்டறிய வேண்டியிருப்பதால், குறைந்தது நான்கு கோள்களின் குரல் கேட்க வேண்டும்.

வானொலி அலை ஒரு வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்வது. ஆகவே கோளிலுள்ள கடிகாரம் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிழை நேரும். இதற்காகவே அக்கோள்களில் அணுக் கடிகாரங்களை வைத்திருக்கிறார்கள். அணுவின் பெயரால் அமைந்த ஊரில் இருந்துகொண்டு வழி தேடும் நமக்கு, வழி காட்டுவதும் அணுவே என்பது மகிழ்ச்சி தரும் செய்தி அன்றோ?

அந்தக் கடிகாரம் எவ்வளவு அருமையானது என்பதை நம் நாடும் அனுபவத்தால் அறிந்துள்ளது. நமது 'நாவிக்' அமைப்பின் முதற் கோள் 2013 ஜூலை 1 ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வாங்கி அதில் பொருத்திய மூன்று அணுக் கடிகாரங்களும் சில ஆண்டுகளில் பழுதாயின. பின்னர் நம் அறிவியலார் தாமே செய்த ருபீடியம் கடிகாரம், 2023 மே 29 ஆம் நாள் சென்ற என்.வி.எஸ்.-01 என்னும் கோளில் இடம் பெற்றது. பிறர் கருவியை நம்பியிருந்தவர்கள் தம் கையால் ஒன்று செய்துகொண்ட வரலாறு இது.

இதிலிருந்து மாணவன் அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஜி.பி.எஸ். கருவி கேட்கும் கருவி. பேசும் கருவி அன்று. வீட்டிலுள்ள வானொலிப் பெட்டியைப் போல அது அலைகளை வாங்கிக்கொள்கிறதே ஒழிய, எதையும் வானுக்கு அனுப்புவதில்லை. இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இது பெரிதும் பயன்படும்.

கேட்கும் கருவிக்கு வானம் தெரிய வேண்டும். திறந்த கடற்கரையில் நல்ல கருவி மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். அடர்ந்த சவுக்குத் தோப்பில் பிழை கூடும். மாமல்லபுரத்துக் குன்றில், பாறைகளுக்கு இடையே நின்றால் இன்னும் கூடும். அங்கே அலை நேராக வராமல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதே காரணம். அமெரிக்கக் கோள்களோடு ரஷ்யா, ஐரோப்பா முதலிய நாட்டினரின் கோள்களையும் கேட்கும் கருவியானால் இத்தகைய இடங்களில் உதவியாக இருக்கும். வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டிய சிறப்பு இதுவே.

இரண்டாவது கேள்வி, எண்ணைப் படிப்பது. இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் 12 பாகை 37 நிமிட அட்சரேகையில் உள்ளது. நண்பர் ஒருவரின் கருவியில் அதை நான் 12.37 பாகை என்று பதிந்துவிட்டேன். கோயிலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு நாங்கள் நிற்க, கருவியோ தெற்கே 27 கிலோமீட்டருக்கு அப்பால் போகச் சொல்லிற்று! ஒரு பாகைக்கு 60 நிமிடம். 37 நிமிடம் என்பது 0.617 பாகை. அறுபதின் கணக்கையும் நூறின் கணக்கையும் குழப்பிக்கொண்டால் எவ்வளவு உயர்ந்த கருவியும் நம்மைக் காப்பாற்றாது.

அட்சரேகையில் ஒரு நிமிடம் நம் பகுதியில் 1.84 கிலோமீட்டர் ஆகும். ஜியோகேச்சிங் விளையாட்டில் பாகையும், நிமிடமும், நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கும் எழுதுவது வழக்கம். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இடம் இரண்டு மீட்டருக்குள்தான் மாறும். முதல் இலக்கம் மாறினால் ஊரே மாறிவிடும்.

எண்ணுக்கு அடிப்படையான பூமியின் வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கும் நம் மாவட்டத்தின் பக்கத்திலேயே வேர் உண்டு. 1802 ஏப்ரல் 10 ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்பவர் பரங்கிமலை அருகே தொடங்கி ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெரும்பணிக்கு அதுவே தொடக்கம். அப்பணியில் பயன்பட்ட தியோடலைட் என்னும் கோணமானியின் எடை அரை டன். இன்று மாணவன் வாங்க நினைக்கும் கருவியோ 150 கிராமுக்குள் அடங்குகிறது.

லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830 இல் கணக்கிட்ட பூமியின் வடிவத்தைக் கொண்டே நம் பழைய நில அளவைப் படங்கள் வரையப்பட்டன. ஜி.பி.எஸ். கருவியோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் வேறொரு வடிவத்தைக் கொள்கிறது. பழைய படத்தின் எண்ணை அப்படியே கருவியில் இட்டால் நூறு மீட்டருக்கு மேல் விலகல் காணும். ஆகவே, எண் வகையையும் பூமியின் வடிவத்தையும் மாற்றிக்கொள்ள இடந்தரும் கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இனி, வெளியே எடுத்துச் செல்வதற்கு வேண்டிய குணங்களைச் சுருங்கச் சொல்கிறேன். கடையில் எளிதாகக் கிடைக்கும் டபுள் ஏ மின்கலங்கள் போடக்கூடியதாக இருப்பது நன்று. மின்கலம் தீர்ந்தால் வழிக்கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது என்னும் தரக்குறி இருக்க வேண்டும். இந்த உப்புக் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் அது தேவை. வியர்த்த விரலுக்குத் தொடுதிரையை விடப் பொத்தான் நல்லது.

திசைமானி பற்றியும் ஒரு சொல். விலை குறைந்த சில கருவிகளில் காந்த உணர்வி இராது. அவை நாம் நடக்கும்போதுதான் திசையைச் சரியாகக் காட்டும். நின்றுவிட்டால் முள் மனம்போல் திரும்பும். இதை அறியாத புதியவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று எண்ணுவர். பத்தடி நடந்தால் சரியாகிவிடும்.

எடுத்துக்காட்டாக, கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் வரிசையைக் கூறலாம். 2019 இல் வந்த ஈட்ரெக்ஸ் 22 எக்ஸ் வண்ணத் திரையும் நிலப்படமும் உடையது. இரண்டு மின்கலத்தில் 25 மணி நேரம் ஓடும். காந்தத் திசைமானி இல்லை. அது வேண்டுவோர்க்கு 32 எக்ஸ் உள்ளது. 2023 இல் வந்த எஸ்.இ. கறுப்பு வெள்ளைத் திரை உடையது. ஆனால் இரண்டு மின்கலத்தில் 168 மணி நேரம் வரை ஓடும் என்பது அந்நிறுவனத்தார் கணக்கு. தொடக்கக்காரருக்கு இவற்றுக்கு மேல் தேவையில்லை. இன்னும் சொன்னால், முதல் சில மாதங்கள் கைப்பேசியிலுள்ள ஜி.பி.எஸ்.ஸே போதும், ஆர்வம் நிலைத்த பின் கருவி வாங்கலாம்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மாணவன் குறியிட்டிருந்த விலையுயர்ந்த கருவி, ஆபத்து வேளையில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் ஆற்றல் உடையது. அதாவது அது கேட்பதோடு நில்லாமல் பேசவும் செய்யும். மலையேறுவோருக்குப் பல நாடுகளில் அது உயிர் காக்கும் துணை. ஆனால் நம் நாட்டில் அரசாங்கத்தின் உரிமம் இல்லாமல் அத்தகைய கருவியை வைத்திருப்பது குற்றம். 1885 ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933 ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் நெடுங்காலம் இதற்கு அடிப்படையாக இருந்தன. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகள் இத்தகைய கருவிக்காகப் பிடிபட்டனர். தீய எண்ணம் இல்லை என்பது மட்டும் சட்டத்தின் முன் விடையாகாது.

இதை நான் எடுத்துச் சொன்னதும் மாணவன் முகம் வாடிற்று. "ஐயா, மாமா அடுத்த வாரம் புறப்படுகிறார்" என்றான். அன்றிரவே தொலைபேசியில் பேசி அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டான். உதவி செய்ய வந்த மாமனுக்கும் படிப்பை முடிக்காத பிள்ளைக்கும் நேரவிருந்த இடர், ஒரு கேள்வியால் நீங்கியது.

கருவி சரியானதாக இருந்தாலும், செல்லும் இடமும் சரியானதாக இருக்க வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் சுற்றுப்புறம் காவலுக்கு உட்பட்டது. அங்கே ஒருவர் கையில் கருவியோடு புதரை விலக்கிப் பார்த்தால், காவலர் கேள்வி கேட்பது அவர் கடமை. சொந்தக்காரர் தெரியாத பெட்டி ஒன்று சாலையோரம் கிடந்தால் ஊரே கலங்கும். மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்பவை. அவற்றின் இடுக்கில் பெட்டி செருகுவதை எந்த விளையாட்டும் நியாயமாக்காது. ஆகையால் பெட்டி வைப்போர் நிலத்துக்கு உரியவரின் அனுமதி பெற வேண்டும். அனுமதி கிடைக்காத இடத்துக்கு, பெட்டியே இல்லாத வகை ஒன்றுண்டு. குறித்த இடத்துக்குச் சென்று பாறையையோ மண்ணையோ உற்று நோக்கி, கேட்ட கேள்விக்கு விடை எழுதினால் போதும். மாணவர்க்கு மிகவும் ஏற்றது இதுவே.

முடிவாக மாணவன் எளிய கருவி ஒன்றையே வாங்கினான். மிகுந்த பணத்தில் சைக்கிளுக்குப் புது டயர்கள் போட்டுக்கொண்டான். முதல் வேலையாக அவனுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டுக்கு அருகே வானம் நன்கு தெரியும் ஒரே இடத்தில் காலையும் மாலையும் ஏழு நாள் நின்று, கருவி காட்டும் எண்களை ஏட்டில் குறித்து வந்தான். பதினான்கு குறிப்புகளில் இரண்டு கூட முற்றிலும் ஒத்திருக்கவில்லை. ஆனால் எல்லாம் ஆறேழு மீட்டருக்குள் அடங்கின. தன் கருவியை எவ்வளவு நம்பலாம், எங்கே நம்பாமல் தன் கண்ணைக் கொண்டு தேட வேண்டும் என்பது அவனுக்கு அன்றுதான் விளங்கிற்று.

நீங்களும் கைப்பேசியைக் கொண்டே இப்பயிற்சியைச் செய்து பார்க்கலாம். கருவி நம்மை இடத்தின் அருகே கொண்டுபோய் விடும். கடைசிப் பத்தடியைக் கடக்கும் அறிவும், அங்கே போகலாமா கூடாதா என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பும் நம்முடையவை.