உங்களுக்குத் தெரியுமா? பனிச்சறுக்கில் முதல் பாடம் வேகத்தைக் குறைப்பது!

மும்பையை அடுத்த டோம்பிவிலியில் பனி பெய்யாது. ஆனால் அங்கிருந்து பனிச்சறுக்கு கற்கக் கிளம்புவோருக்குக் காஷ்மீரின் குல்மார்க் இருக்கிறது. சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வூரில், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1968-இல் தொடங்கப்பட்டது.

• புதியவர்களின் அடிப்படைப் பாடம் ‘ஸ்னோப்ளோ’. காலில் மாட்டிய இரு சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகல விரித்து, ஆப்பு வடிவில் நிற்க வேண்டும்.

• அப்போது பலகைகளின் உள்விளிம்புகள் பனியில் அழுந்தி உராயும். விரிப்பு கூடக்கூட வேகம் குறையும்.

• வலக்காலில் எடையைக் கூட்டினால் இடப்பக்கம் திரும்பலாம். இடக்காலில் கூட்டினால் வலப்பக்கம்.

• பயத்தில் பின்னால் சாயக் கூடாது. சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பிடிப்பை இழக்கும். முழங்காலைச் சற்றே மடக்கி, கெண்டைக்காலின் முன்புறம் பூட்ஸில் அழுந்த நிற்பதே பாதுகாப்பு.

• செங்குத்தான சரிவுக்கு இந்த முறை போதாது. மென்சரிவில் நன்றாகப் பழகிய பிறகே மேலே ஏற வேண்டும்.

• குல்மார்க் சரிவுகளில் பழகிய ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர். கம்பங்களுக்கிடையே வளைந்து சறுக்கும் ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் 45-ஆம் இடம் பெற்றார்.