காட்டேரியின் இருட்டு ஏன் கட்டம் கட்டமாக உடைகிறது?

‘ஃப்ரைட் நைட்’ என்ற பெயரில் இரண்டு அமெரிக்கத் திகில் படங்கள் உண்டு. முதலாவதை 1985இல் டாம் ஹாலண்ட் இயக்கினார். அதே கதையை இக்காலத்துக்கு மாற்றி, 2011இல் கிரெய்க் கில்லெஸ்பி மீண்டும் எடுத்தார். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர் ஓர் இரத்தக்காட்டேரி என்று ஒரு பள்ளி மாணவனுக்குத் தெரியவருகிறது. சொன்னால் நம்ப ஆளில்லை. பழைய படத்தில் அவன் உதவி தேடிப் போவது, தொலைக்காட்சியில் பேய்ப் படங்களைத் தொகுத்து வழங்கும் வயதான நடிகரிடம். புதிய படத்தில் அந்தப் பாத்திரம் லாஸ் வேகாஸில் மாயவித்தை காட்டும் கலைஞராகிவிட்டது. (இரண்டுமே அமெரிக்காவில் ‘ஆர்’ தரச்சான்று பெற்றவை. வீட்டில் கேட்காமல் பார்த்துவிட்டு, அறிவியல் ஆசிரியர்தான் சொன்னார் என்று என்னை இழுத்துவிடாதீர்கள்!)

நம் பாடம் கதையைப் பற்றியது அல்ல, இருட்டைப் பற்றியது. திரையரங்கில் வழவழப்பாகத் தெரிந்த இரவு, வீட்டில் வட்டைப் போட்டுப் பார்த்தால் சாம்பல் நிறச் சதுரங்களாக நெளிகிறதே, ஏன்?

காட்டேரிப் படத்துக்கு இருட்டு என்பது அலங்காரம் அல்ல. சூரிய ஒளி பட்டால் காட்டேரி அழிந்துவிடும் என்பதுதானே விதி? அந்த விதி பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலில் இல்லை. அங்கே டிராகுலா பகலிலும் நடமாடுவார். விதியைக் கொண்டுவந்தது 1922இல் ஜெர்மனியில் வெளியான ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற மௌனப் படம். வேடிக்கை என்னவென்றால், அக்காலத்து ஃபிலிமால் உண்மையான இரவைப் பதிவு செய்ய முடியவில்லை. ஆகவே இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, பிரதிக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். நீலம் என்றால் இரவு என்று பார்வையாளர் புரிந்துகொள்வார். பிற்காலத்தில் சாயம் இல்லாத கறுப்பு வெள்ளைப் பிரதிகளும் வீடியோவாக வந்தன. அவற்றில் காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கிறது! பிரதியின் தரம் கெட்டதால் கதையே கெட்டுப்போனது.

இனி கணக்குக்கு வருவோம். டிவிடியிலும் சாதாரண புளூரேயிலும் ஒவ்வொரு படப்புள்ளியின் வெளிச்சமும் 8 பிட் எண்ணாகப் பதிவாகிறது. 8 பிட் என்றால் 0 முதல் 255 வரை. ஆனால் வீடியோவில் 16தான் முழுக் கறுப்பு, 235தான் முழு வெள்ளை. ஆக மொத்தம் 220 படிகள். ஓர் இரவுக் காட்சி இவற்றில் 16 முதல் 50 வரை மட்டுமே பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது 35 படிகள். தெருவிளக்கின் பக்கம் சற்று வெளுத்து, மறுபக்கம் கறுத்துப்போகும் ஒரு சுவர் திரையின் அகலம் முழுவதும் இருந்தால், 1,920 புள்ளிகளை 35 படிகள் பங்கிட வேண்டும். ஒரு படிக்கு ஏறக்குறைய 55 புள்ளிகள். அறை விளக்கை அணைத்துவிட்டால் நம் கண் இருட்டுக்குப் பழகி, சிறிய வேறுபாட்டையும் பிடித்துவிடும். அதனால் சுவரில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிகின்றன. 4கே அல்ட்ரா எச்.டி. வட்டில் 10 பிட் பயன்படுவதால் படிகள் 877 ஆகின்றன. அந்த வட்டின் பெரிய இலாபம் இதுதான் என்பேன். விளம்பரமோ புள்ளிகளின் எண்ணிக்கையைத்தான் கூவுகிறது.

பட்டைகள் புரிந்தன. சதுரங்கள் எங்கிருந்து வந்தன?

டிவிடியின் ஒரு படத்தில் 720 × 576 புள்ளிகள். நிறத் தகவலைக் கால் பங்காகக் குறைத்த பிறகும் புள்ளிக்குச் சராசரி 12 பிட், நொடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு ஏறக்குறைய 12 கோடியே 44 இலட்சம் பிட். டிவிடியில் படத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவோ நொடிக்கு 98 இலட்சம் பிட்தான். பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சத்தைத் தூக்கி எறிந்தே ஆக வேண்டும்.

எறிவதற்கு முன் படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட சதுரங்களாக வெட்டுகிறார்கள். பிறகு நடப்பதை, நீங்கள் கணிதத்தில் ‘பத்துக்குக் கிட்டிய மதிப்பு’ எழுதுவதோடு ஒப்பிடலாம். பகல் காட்சியில் 182, 121, 94, 208 என்ற எண்கள் இருந்தால் 180, 120, 90, 210 ஆகும். வேறுபாடு தப்பித்துவிடும். இரவுக் காட்சியில் 23, 21, 24, 22 இருந்தால்? எல்லாமே 20. காட்டேரியின் கோட்டு மடிப்பு அந்த நான்கு எண்களில்தான் இருந்தது! உண்மையில் எண்களை அப்படியே முழுமைப்படுத்துவதில்லை. சதுரத்துக்குள் வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்ற அளவுகளைத்தான் முழுமைப்படுத்துகிறார்கள். ஆனால் முடிவு இதேதான். பக்கத்துப் பக்கத்துச் சதுரங்கள் ஒவ்வொன்றும் தட்டையான ஒரே நிறமாகிவிட, அவற்றின் விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறது. பாசார் மாலாமில் ஒரு காலத்தில் குவிந்து கிடந்த வீசிடியைக் கேட்கவே வேண்டாம். 352 × 288 புள்ளிகள், நொடிக்குச் சுமார் 11.5 இலட்சம் பிட். சுருக்கம் ஏறக்குறைய 26 மடங்கு. பாதிப் படத்தில் எழுந்து இரண்டாம் வட்டை வேறு போட வேண்டும்.

1985ஆம் ஆண்டுப் படத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. வெள்ளி குளோரைடு வீழ்படிவு வெளிச்சத்தில் கருமையடைவதை ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். ஃபிலிமும் அதே வகை வெள்ளிச் சேர்மங்களின் நுண்படிகங்களால்தான் ஒளியைப் பிடிக்கிறது. படிகங்கள் ஒழுங்கின்றிச் சிதறியிருப்பதால் திரையில் நுண்ணிய பொடி அசைவது போல் தெரியும். ஒரு படத்தில் இருந்த பொடி அடுத்த படத்தில் அதே இடத்தில் இருக்காது. சுருக்கும் மென்பொருளோ, முந்தைய படத்தைப் போலவே அடுத்ததும் இருக்கும் என்று நம்பி இடத்தை மிச்சப்படுத்துவது. பொடி அதன் கணக்கைக் குலைக்கிறது. சில நிறுவனங்கள் பொடியையே துடைத்துவிடுகின்றன. அதோடு தோலின் நுண்துளைகளும் போய், முகம் மெழுகுப் பொம்மை போல் ஆகிவிடும். எனக்குப் பொடி இருப்பதே மேல்.

2011ஆம் ஆண்டுப் படத்தின் சிக்கல் வேறு. அது முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்டது. பாலைவனச் சாலையில் இரவில் தப்பிக்கும் காட்சியில் கேமரா காருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். வெளிச்சம் மிகக் குறைவு. அரங்கிலோ வீட்டிலோ முப்பரிமாணக் கண்ணாடி அணிந்தால், கண்ணை வந்தடையும் ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். ஏற்கெனவே இருட்டு, அதன்மேல் ஒரு கறுப்புக் கண்ணாடி!

பழைய படத்துக்கு ஓர் அதிர்ஷ்டம். மூல ஃபிலிமை மீண்டும் நுணுக்கமாக வருடி எடுக்கலாம். 2011 டிசம்பரில் அமெரிக்காவில் அதன் புளூரே 3,000 பிரதிகள் மட்டும் வந்தது. 2022இல் 4கே வட்டும் வந்தது. ஆனால் வீசிடியிலிருந்து அப்படி எதையும் மீட்க முடியாது. நான்கு ‘20’களைப் பார்த்து, அவை முன்பு 23, 21, 24, 22 ஆக இருந்தன என்று யாராலும் கண்டுபிடிக்க இயலாது. ‘எச்.டி.க்கு மாற்றியது’ என்று எழுதி விற்கும் பழைய கோப்புகளை வாங்குமுன் இதை எண்ணிப் பாருங்கள். மென்பொருள் அங்கே நிரப்புவது ஊகம்.

வீட்டில் நீங்களே சோதிக்கலாம். மங்கலான அறையைக் கைப்பேசியில் படம் எடுத்து, கணினியில் ஜேபெக் கோப்பாக மிகக் குறைந்த தரத்தில் சேமித்துப் பெரிதாக்குங்கள். ஜேபெக்கும் 8 × 8 சதுரங்களைத்தான் பயன்படுத்துகிறது, எண்ணிவிடலாம்.

வட்டைக் குறை சொல்லுமுன் தொலைக்காட்சியின் அமைப்பையும் பாருங்கள். பிளேயர் 0–255 என்ற ‘ஃபுல்’ அளவில் அனுப்ப, தொலைக்காட்சி 16–235 என்ற ‘லிமிடெட்’ அளவை எதிர்பார்த்தால், 16க்குக் கீழே உள்ள அனைத்தும் ஒரே கறுப்பாகிவிடும். நிழலில் நிற்கும் காட்டேரி காணாமற்போகும். இரண்டையும் ஒரே அளவில் வையுங்கள். ‘விவிட்’ என்பதை விட்டு ‘சினிமா’ அமைப்புக்கு மாற்றுங்கள். அறை விளக்குகளில் ஒன்றைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் எரியவிட்டால் பட்டைகள் அவ்வளவாகத் தெரியாது. பயமும் கொஞ்சம் குறையும்.